அவனுக்குப் பின்னால் யார்

"கொஞ்சம் அமைதியா இரு, டிரீமா."

கென்டக்கியின் கிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சின்ன ஊரில், டிரீமா கௌடிலிடம் இதைச் சொல்லாத வாயே கிடையாது. ஷெரிப் ஆபீஸில் போலீஸ்காரர்கள் சொன்னார்கள். சர்ச்சில் பாதிரியார் தோளைத் தட்டிச் சொன்னார். மளிகைக்கடையில் பில் போடுகிற பெண்கூட முட்டையைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். ஒரு பெண்ணின் தாடையை உடைத்தவனிடம் போய் யாராவது இதைச் சொன்னார்களா என்று கேட்டால், அப்படி ஒரு தகவலும் இல்லை.

உடைத்தவன் அவள் புருஷன் ராய்ஸ். கல்யாணம் ஆன புதிதில் தட்டை வீசினான், அப்புறம் தலைமுடியைப் பிடித்தான், கடைசியில் சமையலறைக் கதவில் அவள் முகத்தை வைத்து இடித்தான். தாடைக்குள் கம்பி வைத்துக் கட்டி, உறிஞ்சு குழாயில் சூப் குடித்துக்கொண்டு கிடந்தவள், எழுந்து நடக்க முடிந்ததும் முதல் வேலையாக நீதிமன்றத்துக்குப் போனாள். விவாகரத்து கிடைத்தது. அவனுக்குச் சிறை கிடைத்தது. வெளியே வந்தாலும் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒரு தடை உத்தரவும் கிடைத்தது. தண்டனை முடிவதற்கு முன்பே, நன்னடத்தை என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். நன்னடத்தையாம். சிறையில் அடிப்பதற்கு மனைவி இல்லை, வேறென்ன.

வந்த அன்றைக்கே அவனுக்காக ஆற்றங்கரையில் பன்றி விலா சுட்டு விருந்து வைத்தார்கள். ராய்ஸ் என்றால் ஊருக்கு அவ்வளவு பிரியம். யார் வண்டி நடுவழியில் நின்றாலும் மழையில் படுத்துச் சரிசெய்து கொடுப்பான், பைசா வாங்க மாட்டான். சின்னப் பையன்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தவன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள் டிரீமாவைப் பார்த்தால் மட்டும் காலணியைப் பார்ப்பார்கள்.

டிரீமா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று போகும் பாதையில், மீசை முளைத்த பையன்களைக்கூட கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்காரவைத்துவிடுவாள். மூக்கின் மேல் கோபம் என்று பெயர் வாங்கியவள். அந்தக் குரல் வீட்டு வாசற்படி தாண்டியதும் எங்கே போய் ஒளிந்துகொண்டிருந்தது என்று அவளுக்கே தெரியாது. அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க, ராய்ஸ் மேல் இருக்கிற அளவுக்குத் தன் மேலும் அவளுக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் காலை வாசற்படியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே கெளுத்தி மீன், தோலுரித்து, முள் எடுத்து, ஐஸ் போட்டு அழகாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. கடிதம் ஒன்றும் இல்லை. அந்த மீனை அப்படி வெட்டுகிறவன் அந்த மாவட்டத்திலேயே ஒருத்தன்தான்.

"பாவம்மா அவரு. உனக்குப் பிடிக்கும்னு வெச்சிட்டுப் போயிருக்காரு," என்றாள் லேசி.

லேசி அவர்கள் மகள். பதினாறு வயது. அப்பாவின் சிரிப்பு அப்படியே அவளுக்கு வந்திருந்தது. அவன் அம்மாவின் தாடையை உடைத்த அன்று அவள் தோழி வீட்டில் தங்கியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த அப்பா, விடிகாலையில் எழுப்பி மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறவர், குளிரில் தன் கையுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிடுகிறவர். அம்மாவின் தாடை விஷயத்தை அவள் நம்பாமல் இல்லை. அது குடி செய்த வேலை, அப்பா செய்த வேலை அல்ல என்று வைத்துக்கொண்டாள். ஊரும் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது.

டிரீமா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஷெரிப் ஆபீஸுக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த இளம் அதிகாரியின் மேசை மேல், அவர் ஃபைல்கள் மேலேயே, மீனையும் ஐஸையும் கொட்டினாள்.

"நடுராத்திரில என் வாசல் வரைக்கும் வந்திருக்கான். வந்தேன்னு எனக்குத் தெரியணும்னு வெச்சிட்டுப் போயிருக்கான்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அம்மா, மீன் குடுக்கறது குத்தமில்ல. அவர்தான் வெச்சாருன்னு யாரு பார்த்தா? கொஞ்சம் அமைதியா இருங்க."

"அவன் அடுத்த தடவை உள்ள வந்தா?"

"போன் பண்ணுங்க. உங்க வீடு இருக்கற பக்கம் வண்டி வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். ரோடு அப்படி." துண்டை எடுத்து ஃபைலைத் துடைத்தார். "அதுவரைக்கும் நீங்கதான் சமாளிக்கணும். ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுக்கங்களேன். எங்க அம்மாகூட வெச்சிருக்காங்க."

அரசாங்கமே வாயைத் திறந்து சொல்லிவிட்டது. அவள் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்து முன்னால் வைத்து, பெண்கள் எல்லாம் இதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள், கைப்பைக்கும் பொருத்தமாக இருக்கும் என்றார்.

"என் கைப்பைக்கு வேணாம். ஒருத்தன் மண்டைக்குப் பொருத்தமா எது இருக்குன்னு காட்டுங்க," என்றாள் டிரீமா.

அவர் பேசாமல் ரோஜா நிறத்தை உள்ளே வைத்துவிட்டு ஒரு கறுப்புத் துப்பாக்கியை எடுத்தார். கூடவே, முதலில் பிளெவின்ஸ் தம்பதியிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு காகிதத்தில் வழி வரைந்து கொடுத்தார். அவளுக்கு அது தேவையில்லை என்று தோன்றியது. எட்டு வயதில் அணில் சுட்டவள் அவள். ஆனால் அந்தச் சின்ன இரும்புத் துண்டைக் கையில் வாங்கியபோது, நீண்ட துப்பாக்கி தோளில் உட்காருகிற மாதிரி இது எங்கேயும் உட்காரவில்லை. வழி வரைந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூடிக்கிடந்த ஒரு கல் குவாரிதான் பிளெவின்ஸ் தம்பதியின் சுடுதளம். மோனா பெண்கள் சிறையில் காவலராக இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். குள்ளம். எந்நேரமும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் விர்ஜில் ராணுவத்தில் சிப்பாய்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவன். இரண்டு பேரும் வகுப்பு நடத்துவதைவிட ஒருத்தரை ஒருத்தர் வாருவதுதான் அதிகம்.

"இவரு சொல்றதக் கேளுங்க, நல்லா சொல்லுவாரு. ஆனா இவரு சுடறதப் பார்க்காதீங்க, கெட்டுப்போயிடுவீங்க," என்பாள் மோனா.

"நான் உன்னைக் கட்டிக்கிட்டதே தப்பான குறிதான்," என்பான் விர்ஜில்.

சனிக்கிழமை காலைகளில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு. ஒரு நர்ஸ், சர்ச்சில் பியானோ வாசிக்கிறவள், இன்னும் நாலைந்து பேர். முதல் நாள் முழுக்க விர்ஜில் சுடவே விடவில்லை. துப்பாக்கியில் எப்போதும் குண்டு இருக்கிறது என்றே நினை. சுட விரும்பாத எதன் மேலும் அதைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விரலை விசையில் வைக்காதே. சுடப்போவது எது, அதற்குப் பின்னால் என்ன என்று தெரிந்துகொள். மற்ற பெண்கள் எழுதிக்கொண்டார்கள். டிரீமா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சுட ஆரம்பித்தபோது அவள் தோட்டாக்கள் எல்லாம் குறிக்காக நிறுத்திய காகித மனிதனின் இடுப்புக்குக் கீழே, இடது பக்கமாகப் போய் விழுந்தன. நர்ஸின் காகிதம் அழகாக இருந்தது. டிரீமாவுக்கு வயிறு எரிந்தது. மோனா அவள் காதுமூடியை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரு அவன்?"

"எவன்?"

"அந்தக் காகிதத்துல நிக்கிறவன். ஒவ்வொரு தடவையும் அவன் பேரைச் சொல்லிட்டுத்தானே அழுத்தறே. உதடு அசையுதே."

டிரீமா உதட்டை மடித்துக்கொண்டாள்.

"எல்லாம் கீழ, இடது பக்கம் போயிருக்கு பாரு. ஒரு விரல் மட்டும் செய்ய வேண்டிய வேலையை நீ மொத்தக் கையையும் வெச்சு நெரிக்கிறே. இது குறி தப்பறதில்ல பொண்ணே. இது கோபம்."

"நீங்களும் அமைதியா இருன்னு சொல்லப்போறீங்களா?"

மோனா விதைத் தோலைத் துப்பினாள். "எதுக்கு? நல்லா கோபப்படு. பஸ்ஸுல படு, பாத்ரூம்ல படு. நான் என் மாமியார் மேல இன்னிக்கும் படறேன், அது செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. விசையில விரல் இருக்கற அந்த நேரத்துக்கு மட்டும் வேணாம். அதை மட்டும் எனக்குக் குடு."

அடுத்த வாரம் மறுபடி சண்டை. கேள்வி நேரத்தில் டிரீமா எழுந்தாள். "அவன் வாசப்படியில காலை வெச்சா சுடலாமா? உள்ள வரணுமா? பாதி உடம்பு உள்ள, பாதி வெளில இருந்தா? திரும்பி ஓடும்போது முதுகுல சுட்டா சட்டம் என்ன சொல்லுது?"

விர்ஜில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மோனா அவனைக் கையமர்த்திவிட்டு, டிரீமாவின் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு வீட்டுக்குப் போ."

"என்ன?"

"போன்னு சொல்றேன்."

குவாரியே எதிரொலிக்கிற மாதிரி டிரீமா கத்தினாள். நீயும் அவர்கள் கட்சிதானா, நீயும் அவனுடைய விலாக்கறி விருந்துக்குப் போனவள்தானா என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். மோனா டிரீமாவின் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு வரும் வரைக்கும் டிரீமா ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் சர்ச் முடிகிற நேரத்துக்கு மோனாவின் பழைய டிரக் டிரீமா வீட்டு முன்னால் வந்து நின்றது. கையில் ஒரு நீளத் திருப்புளி.

"நேத்து நீ கேட்டது வீட்டைக் காப்பாத்தறவ கேக்கற கேள்வி இல்ல," என்றாள் வந்ததும் வராததுமாக. "வேட்டைக்குப் போறவ கேக்கற கேள்வி. வேட்டைக்கு நான் சொல்லித்தர மாட்டேன். வீட்டைக் காட்டு."

அந்த ஊர் வீடுகளின் உள்சுவர் என்பது பெயருக்குத்தான் சுவர். இரண்டு அட்டைப் பலகை, நடுவில் வெறும் காற்று. மோனா கூடத்தில் நின்று, அவன் இந்த நடைவழியில் வந்தால் எங்கே நின்று சுடுவாய் என்று கேட்டாள். டிரீமா நின்று காட்டினாள். அவள் கை நீட்டிய திசையில் மோனா நடந்துபோய், சுவரில் திருப்புளியை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அது வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மறுபக்கம் லேசியின் அறை. உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது.

போய்ப் பார்த்தால், திருப்புளியின் முனை லேசியின் தலையணைக்கு ஒரு சாண் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பைத்தியக்காரத்தனம் இது?" லேசி படுக்கையில் எழுந்து நின்றிருந்தாள். "நீங்கதானா அது? எங்கம்மாவுக்கு எங்கப்பாவைக் கொல்லக் கத்துக்குடுக்கறீங்களே, நீங்கதானா?"

"இல்ல கண்ணு," என்றாள் மோனா. "உன்னைக் கொல்லாம இருக்கக் கத்துக்குடுக்கறேன். அவ சுட்டா குண்டு அவனோட நிக்காது. அவனுக்குப் பின்னால யாருன்னு முதல்ல பார்க்கணும்."

"அது எனக்கு எங்கப்பாவே சொல்லிக்குடுத்திருக்காரு. பத்து வயசுலயே. மலை உச்சில நிக்கற மானைச் சுடாதே, அதுக்குப் பின்னால வெறும் வானம், அந்தப் பக்கம் யார் வர்றான்னு தெரியாதுன்னு. உங்ககிட்ட காசு குடுத்துக் கத்துக்க வேண்டியதில்ல." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நீ அவரைச் சுட்டேன்னா, நான் உன்னை அம்மான்னு கூப்பிடவே மாட்டேன். சத்தியமா."

இதுதான் டிரீமாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் வந்தால் தன்னை முடித்துவிடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவனைத் தான் முடித்தால் மகள் போய்விடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அமைதியாக வேறு இருக்க வேண்டுமாம்.

மோனா ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனாள். எந்த ஜன்னலுக்கு வெளியே பாதை, எந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீடு என்று கேட்டாள். சமையலறைக்கு வந்ததும் அடுப்புச் சுவரைத் தட்டினாள். வீட்டின் அந்தப் பக்கம் மலையை வெட்டி எடுத்த சரிவு, சுவரை ஒட்டியே மண் எழும்பி நிற்கும்.

"இந்த வீட்டுல குண்டு போய்த் தங்கறதுக்கு இது ஒண்ணுதான் இடம். மத்த எல்லாப் பக்கமும் யாராவது இருப்பாங்க. மலை அவன் முதுகுக்கு வர்ற வரைக்கும் நீ நகரணும். காலை நகர்த்து, வாயை இல்ல. துப்பாக்கி எங்க இருக்கணும்?"

"அலமாரில."

"அலமாரில இருந்தா அது அலமாரியோட துப்பாக்கி. உன் இடுப்புல இருக்கணும். குளிக்கும்போது மட்டும் கழட்டு."

அதற்குப் பிறகு டிரீமா தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் தோட்டாவை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியின் முனையில் ஒரு காசை வைத்து விசையை அழுத்திப் பழகினாள். காசு விழக் கூடாது. முதலில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விழுந்து உருண்டது. அவள் திட்டிக்கொண்டே குனிந்து பொறுக்குவாள். அந்த 'டிக்' சத்தம் கேட்டாலே லேசி தன் அறையில் பாட்டை அலறவிடுவாள். சுவரில் திருப்புளி போட்ட ஓட்டையின் மேல் அப்பாவோடு எடுத்த புகைப்படம் ஒன்றை ஒட்டியிருந்தாள். மெதுவாகக் காசு விழுவது நின்றது. குவாரியில் ஓட்டைகள் காகித மனிதனின் நெஞ்சுக்கு ஏறி வந்தன. உதடு மட்டும் இன்னும் அசைந்தது. மோனா அதை விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து அவள் வீடு வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. லேசி பள்ளியில் சாஃப்ட்பால் பயிற்சிக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். டிரீமா ஊறவைத்த பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு, பின்சுவர் ஓரமாக நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்தது. பூட்டை உடைக்கிற சத்தம் இல்லை, உதைக்கிற சத்தம் இல்லை. அவளே காலையில் தாழ்போட்ட கதவு, கைப்பிடி திரும்பியதும் சாதுவாகத் திறந்துகொண்டது.

ராய்ஸ் உள்ளே வந்து, பழைய பழக்கத்தில் மிதியடியில் பூட்ஸைத் துடைத்தான். "பீன்ஸா? சோளரொட்டியும் உண்டா?"

அவன் கதவைச் சாத்தித் திரும்புவதற்குள் துப்பாக்கி அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. "வெளிய போ."

அவன் போகவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறையைக் கடந்து, முன்பக்க ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றான். அவளுடைய போன் அந்த ஜன்னல் கட்டையில்தான் இருந்தது. முன்கதவும் அந்தப் பக்கம்தான்.

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். அம்மணி காலேஜ் படிச்சிட்டு வந்துட்டீங்களாம்." சிரித்தான். ஊரே மயங்குகிற அதே சிரிப்பு. "யாருடி நீ சுடறதுக்கு? பஸ்ஸுல பசங்கள மிரட்டற மாதிரி என்னை மிரட்டறியா? குடு அதை. என்னை உள்ள தள்ளினதுக்கு நாம கொஞ்சம் உக்காந்து பேச வேண்டியிருக்கு."

"கோர்ட்டு உன்னை இங்க வரக்கூடாதுன்னிருக்கு."

"கோர்ட்டு இங்க இருக்கா? காணோமே." கையை நீட்டினான். "கொஞ்சம் அமைதியா இரு, டிரீம்."

அவனும் அதையே சொன்னான். அவள் கை முழுவதும் நெரிக்கத் தவித்தது. அந்த நேரம் பார்த்து, அவன் தோளுக்கு மேலே, ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால், ஒரு சிவப்பு மழைக்கோட்டு தெரிந்தது. தோழியின் கார் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. லேசி பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்து வந்தவள், உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"லேசி, கீழ படு," என்று டிரீமா கத்தினாள். கண்ணாடியும் மழையும் அதை விழுங்கிவிட்டன.

ராய்ஸ் கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். திரும்பவும் டிரீமாவைப் பார்த்தான். தோள் தளர்ந்து, கால்களை வசதியாக அகட்டி வைத்துக்கொண்டான்.

"இப்ப சுடு பார்க்கலாம்," என்றான்.

அவள் இடது பக்கம் ஓரடி வைத்தாள். அவனும் அதே பக்கம் ஓரடி வைத்தான். தற்செயல் என்று நினைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். அவனும் வைத்தான். ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது, சிவப்புக் கோட்டும் அப்படியே இருந்தது.

அதுவரை வாழ்க்கையில் அவள் பட்ட கோபமெல்லாம் ஒரு கோபமே இல்லை. தாடை உடைந்தபோதுகூட இப்படி வரவில்லை. பெற்ற மகளை எடுத்துக் கவசமாக மாட்டிக்கொண்டு நிற்கிறான், சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவள் விரலைத் துப்பாக்கியின் பக்கவாட்டிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி நகர்ந்தாள். அவனும் நகர்ந்தான், சாப்பாட்டு மேசையில் தொடை இடித்து நின்றான். அதற்கு மேல் அவனுக்குப் போக இடமில்லை. அவளுக்கு இருந்தது. இன்னும் இரண்டடி வைத்தாள். அவனுக்குப் பின்னால் இப்போது அடுப்பு, கொதிக்கிற பீன்ஸ், அடுப்புச் சுவர், அந்தச் சுவருக்கு அப்பால் மலை.

அவள் பேசவில்லை. உதடும் அசையவில்லை. விரல் விசைக்கு வந்தது.

ராய்ஸும் எட்டு வயதில் அணில் சுட்டவன். மிரட்டுகிறவர்கள் நின்ற இடத்தில் நின்று கத்துவார்கள். பின்னால் மண் வருகிற வரை ஓசையில்லாமல் கால் மாற்றிப் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலையைத் திருப்பி அடுப்புச் சுவரைப் பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு கைகளும் தானாக மேலே போயின.

"போறேன்," என்றான். "போறேன் டிரீமா. போயிடறேன்."

"முன்பக்கம் வேணாம். வந்த வழியே போ."

அவன் மேசையைச் சுற்றி, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே பின்கதவுக்குப் போனான். படியில் வழுக்கி முழங்காலில் விழுந்து எழுந்து ஓடினான். ஓடுகிற அந்த முதுகைச் சுட வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்ததா என்றால், இருந்தது, நன்றாகவே இருந்தது. விரலை எடுத்தாள். கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஜன்னல் கட்டையில் இருந்த போனை எடுத்தாள்.

சொன்னபடியே முக்கால் மணி நேரம் கழித்து, அதே இளம் அதிகாரி வந்தார். ராய்ஸைப் பாலத்தருகே பிடித்துவிட்டார்களாம். தடை உத்தரவை மீறியதற்கு மறுபடி உள்ளே போவானாம். துப்பாக்கியையும் சமையலறையையும் பார்த்துவிட்டு, "சுட்டிருந்தாலும் உங்களை யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. சட்டம் உங்க பக்கம்தான். ஏன் சுடல?" என்றார் ஏதோ சினிமாவின் கிளைமாக்ஸ் போய்விட்ட வருத்தத்தில்.

"சுட்டா உங்களுக்குக் கதை சொல்ல நல்லா இருந்திருக்கும், இல்ல?" என்றாள் டிரீமா. "மீனைக் கொட்டினப்ப எங்கய்யா போச்சு உன் சட்டம்? வெளிய போ. என் வீட்டை விட்டு முதல்ல வெளிய போ."

அவர் அமைதியாக இருக்கச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

எத்தனையோ தடவை கூப்பிட்டும் லேசி இன்னும் உள்ளே வரவில்லை. சிவப்புக் கோட்டோடு முன்வாசல் படியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரீமா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். நீ அப்பாவைச் சுடத்தானே போனாய் என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்வதாக முடிவுசெய்திருந்தாள். அதோடு மகள் போய்விடுவாள், போகட்டும், உயிரோடு போகட்டும்.

"பின்கதவை நான்தான் திறந்து வெச்சேன்," என்றாள் லேசி. "அவரோட தூண்டில் கழி எல்லாம் எடுத்துக்கணும்னாரு. நான் எத்தனை மணிக்கு பயிற்சிக்குப் போவேன், நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன்னு கேட்டாரு. நீ இல்லாத நேரம் பார்த்து வர்றதுக்குத்தான் கேக்கறாருன்னு நினைச்சேன். மழைன்னு பயிற்சியை நிறுத்திட்டாங்க, அதான் வந்துட்டேன்."

டிரீமா அவள் முகத்தில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நீ நகர்ந்தப்ப அவரும் நகர்ந்தாரு."

எத்தனை வருஷமாக இந்தப் பெண்ணுக்கு ஒரு நாளாவது அவன் யாரென்று தெரிய வேண்டும் என்று அவள் வயிறெரிந்து வேண்டியிருக்கிறாள். இப்போது தெரிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"பயத்துல நகர்ந்திருப்பான்," என்றாள். "துப்பாக்கியைப் பார்த்தா யாரா இருந்தாலும் கால் ஒரு இடத்துல நிக்காது. உன்னைக் கவனிச்சிருக்கவே மாட்டான்."

"பொய் சொல்லாதம்மா. திரும்பி என்னைப் பார்த்தாரு. என் கண்ணைப் பார்த்தாரு. பார்த்துட்டுத்தான் நகர்ந்தாரு." லேசியின் குரல் உடைந்து, உடனே கெட்டியானது. "ஒரு தடவை இல்ல. நீ நகர நகர நகர்ந்தாரு. என்னை நடுவுல வெச்சுக்கத்தானே?"

மழை அவர்கள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. டிரீமா வேறு ஏதாவது பொய் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"ஆமா," என்றாள்.